கோவாப் புழு மறுநாளும் நெளிகிறது: மருந்து பொய்யா?

கேள்வி: கந்தப்பளையில் கால் ஏக்கர் கோவா (முட்டைக்கோஸ்) போட்டிருக்கிறேன். வைரமுதுகுப் புழு விழுந்து இலையெல்லாம் சல்லடை. பீ.டி. பவுடர் (பக்டீரியாவிலிருந்து செய்த புழுமருந்து) அடித்து மறுநாள் பார்த்தால் புழு நெளிகிறது. மருந்துக்கடையில் இன்னொரு போத்தலைத் தந்து, இரண்டையும் பாதிப் பாதி கலந்து அடிக்கச் சொல்கிறார்கள். கலக்கலாமா?

பதில்: வேண்டாம். போத்தல் மூடியபடியே இருக்கட்டும்.

தம்பி, புழு நெளிகிறதா என்று பார்த்தீர்கள்; தின்கிறதா என்று பார்த்தீர்களா? பீ.டி. பட்டவுடன் கொல்லாது. புழு அதை இலையோடு தின்னவேண்டும். அதன் குடலில் காரம் அதிகம். அதில்தான் பக்டீரியாவின் புரதப் படிகம் கரைந்து, குடல் கலங்களின் மென்சவ்வில் ஓட்டை போடும். ஓட்டை வழியே நீர் ஏறிக் கலம் ஊதி வெடிக்கும். சில மணி நேரத்தில் தீனி நிற்கும்; உயிர் போக இரண்டு மூன்று நாள், உங்கள் ஊர்க் குளிரில் இன்னும் கொஞ்சம்.

ஆனால் பாதி அளவு அடித்தால் கதை வேறு. ஓட்டை விழுந்த கலம் சும்மா இராது. பீ38 என்ற புரதம் உள்ளே அபாய மணி அடிக்கும், பழுதுபார்ப்பு தொடங்கும். தேறாத கலங்களைக் குடல் உதிர்த்துவிட்டு, அடியிலுள்ள குருத்துக் கலங்களால் இடத்தை நிரப்பும். நஞ்சு நிறைய என்றால் இதற்கு அவகாசமில்லை. குறைத்து அடித்தால் புழு பட்டினி கிடந்து, தேறி, மறுபடி இலைக்கு வரும். அப்புறம் "பீ.டி. ஆகாது" என்று கடையில் பெயர் கட்டுவார்கள். போத்தல் விற்பவரிடம் வேறென்ன பதில் வரும்? வெயில் படும் கண்ணாடிக்குள் அடுக்கியிருந்து கெட்டுப்போன பீ.டி. பக்கற்றை வாங்கி நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். அந்தப் போத்தல் பெரும்பாலும், புழுவுக்குள் முட்டையிடும் சின்னக் குளவியையும் சேர்த்தே கொல்லும். (தேயிலை மலையில் கொட்டுகிற குளவியல்ல, இது கொசுவளவு.)

அதற்காக வாராவாரம் பீ.டி.யே அடிக்கவும் கூடாது. வெட்டவெளியில் பீ.டி.க்கு எதிர்ப்புப் பெற்ற முதல் பூச்சி இதே வைரமுதுகுதான்; 1990இல் ஹவாயிலிருந்து செய்தி வந்தது.

லேபிளில் உள்ள முழு அளவு, வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம், புழு சின்னதாக இருக்கும்போதே. கோவா இலை மெழுகு, ஒட்டுப்பசை சேருங்கள்.

சரி, பக்கற் நல்லதா? அடித்த இலையில் இருபது புழு, அடிக்காத இலையில் இருபது புழு, தனித்தனி ஜாம் போத்தலில் விட்டுத் துணி கட்டுங்கள். மூன்றாம் நாள் எச்சத்தைப் பாருங்கள்: கடுகைவிடச் சின்ன பச்சை உருண்டைகள். இரண்டிலும் ஒரே அளவு கிடந்தால், பக்கற்றில் உள்ள திகதியோடு மறுபடி எழுதுங்கள்.