ஸ்னோமொபைல் பதிவுக் கட்டணம்: 100 டாலரா, 45 டாலரா?

ரோசெஸ்டரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பழைய ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி) ஒன்று 3,000 டாலருக்கு வருகிறது. விற்பவர் கூடவே ஒரு ஏடிவியையும் (கரடுமுரடான நிலத்தில் ஓடும் நான்கு சக்கர வண்டி) தள்ளிவிடப் பார்க்கிறார். நியூயார்க் மாநிலத்தில் இரண்டையும் பதிய எவ்வளவு ஆகும்? ஸ்னோமொபைலுக்கு 100 டாலர் என்கிறார் ஒருவர், 45 என்கிறார் இன்னொருவர். பென்சில்வேனியாவில் இருக்கும் என் மைத்துனர் தன் வண்டியை அங்கேயே பதிந்து வைத்திருக்கிறார். அதோடு இங்கே வந்து ஓட்டலாம்தானே?"

இரண்டு தொகையும் சரிதான். மாநிலக் கட்டணம் 100 டாலர். நியூயார்க் மாநில ஸ்னோமொபைல் சங்கத்தில் சேர்ந்த ஏதாவது ஒரு கிளப்பில் நீங்கள் உறுப்பினர் என்றால் 45.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? அந்த 100-இல் பதிவுக்கென்று போவது 10 டாலர்தான். மீதி 90 ஸ்னோமொபைல் ஓடும் தடங்களைப் பராமரிக்கும் நிதிக்குப் போகிறது. கிளப்காரர்களுக்கு அந்த 90 என்பது 35 ஆகிவிடுகிறது. இதைச் சலுகை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை, கூலி என்றே சொல்வேன். மாநிலத்தில் 10,000 மைலுக்கு மேல் ஸ்னோமொபைல் தடம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி தனியார் நிலத்தின் வழியாகப் போகிறது. நிலக்காரரிடம் போய்ப் பேசி அனுமதி வாங்குவது, விழுந்த மரத்தை அறுத்துத் தள்ளுவது, வளைவில் பலகை நடுவது, ஊர் தூங்கும் நேரத்தில் க்ரூமரை ஓட்டிப் பனியைச் சமப்படுத்துவது, இதெல்லாம் பெரும்பாலும் கிளப் ஆட்கள் சம்பளம் இல்லாமல் செய்கிற வேலை.

ஆகவே முதலில் ஒரு கிளப்பில் சேருங்கள். சந்தா கிளப்புக்குக் கிளப் மாறும். ஆனாலும் 45-உடன் கூட்டினால் பெரும்பாலும் 100-க்குள்தான் நிற்கும். சேர்ந்ததும் அந்த 45 டாலர் கட்டணத்துக்கான ஒரு வவுச்சர் கிடைக்கும், அதை எடுத்துக்கொண்டு வண்டிகளைப் பதியும் மாநில அலுவலகமான டிஎம்விக்குப் போங்கள். வண்டியை யார் பெயரில் பதியப் போகிறீர்களோ அவர் பெயரிலேயே கிளப்பில் சேருவது நல்லது. கிளப்பில் கணவர், பதிவில் மனைவி என்று போய் நின்று கவுண்டரில் வாதாட வேண்டாம்.

பதிவு ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். பிப்ரவரி கடைசியில் வாங்கினால், எஞ்சிய சில வாரப் பனிக்காக ஒரு பருவத்துப் பணம் போகிறது. அப்போது விலையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பேசலாம், தப்பில்லை.

மைத்துனர் விஷயத்துக்கு வருவோம். அவருடைய பென்சில்வேனியா பதிவு இங்கே செல்லாது. விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் பதிவு வேறு, தடத்துக்கான பாஸ் வேறு. நியூயார்க்கில் இரண்டும் ஒன்றுதான், பதிவுதான் தடத்தின் டிக்கெட். வெளி மாநில வண்டியும் இங்கே பதிந்தாக வேண்டும். கட்டணம் அதே 100 அல்லது 45. அடிராண்டாக் மலைப் பகுதியில் ஓல்ட் ஃபோர்ஜ் பக்கம் போனால் இன்னொன்றும் உண்டு. அங்கே வெப் என்ற ஊராட்சியின் தடங்களுக்கு மாநிலப் பதிவு போக உள்ளூர் பெர்மிட்டும் தனியாக வாங்க வேண்டும்.

இந்த 100, 45 கணக்கிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். உங்களுக்குப் பெரிய செலவு விற்பனை வரிதான். தனியாரிடம் வாங்கினாலும் பதியும்போது டிஎம்வி அதை வசூலிக்கும். நீங்கள் குடியிருக்கும் கவுண்டியின் விகிதம்தான் கணக்கு. ரோசெஸ்டர் இருக்கும் மன்ரோ கவுண்டியில் 8 சதவீதம், அதாவது 3,000 டாலருக்கு 240. அதற்கான படிவம் டிடிஎஃப்-802. "பில்லில் 500 என்று எழுதிக்கொள்ளலாம்" என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டு மறுத்துவிடுங்கள். சந்தை விலைக்குக் கீழே விற்றதாகக் காட்டினால் அந்தப் படிவத்தில் விற்பவரும் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிவரும்.

பணத்தை நீட்டுவதற்கு முன் வண்டியின் வலப்பக்கம் குனியுங்கள். கால் வைக்கும் இடத்துக்கு மேலே, டனல் என்கிற அந்த அலுமினிய உடம்பில்தான் வழக்கமாக விஐஎன் என்கிற வண்டியின் அடையாள எண் பொறித்திருக்கும். கிரீசும் உப்பும் படிந்து கிடக்கும், கட்டைவிரலால் தேய்த்துத்தான் படிக்க வேண்டும். விற்பவரின் பதிவுத்தாளில் உள்ள எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். நான் ஒருமுறை கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வாங்கி வந்தேன். தாளில் நடுவே ஒரு 8, வண்டியில் அதே இடத்தில் 3. யாரோ எப்போதோ செய்த எழுத்துப் பிழைதான். ஆனால் பழைய உரிமையாளரைத் தேடிப் பிடித்துச் சரிசெய்வதற்குள் பனியெல்லாம் உருகிவிட்டது.

சரி, ஏடிவி. அதில் கதை தலைகீழ். பதிவுக் கட்டணம் 12.50 டாலர்தான். ஆனால் உங்கள் சொந்த நிலத்தில் ஓட்டுவதற்குக்கூடப் பதிய வேண்டும், இது பலருக்குத் தெரிவதில்லை. பொறுப்புக் காப்பீட்டுக்கு (பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கானது) மட்டும் சொந்த நிலத்தில் விலக்கு உண்டு. பதிந்துவிட்டு எங்கே ஓட்டுவது என்பதுதான் சிக்கல். ஸ்னோமொபைல் தடத்தில் ஏடிவி ஓட்டக் கூடாது. அடிராண்டாக் வனக் காப்பு நிலங்களில் பொதுவாக அனுமதி கிடையாது. லூயிஸ் கவுண்டியில் ஏடிவிக்கென்றே தடங்கள் உண்டு, அதற்கு அவர்களிடம் தனி பெர்மிட் வாங்க வேண்டும். உங்களுக்கு ஊருக்கு வெளியே நாலைந்து ஏக்கர் இல்லையென்றால் ஏடிவியை விட்டுவிடுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிய ஏடிவி எத்தனை கராஜில் தூங்குகிறது என்று எனக்குத் தெரியும்.

ஸ்னோமொபைலை வாங்கினால் காப்பீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். கார் பாலிசி இதற்கு உதவாது, தனிப் பாலிசி வேண்டும். அதன் தாளை ஜாக்கெட்டின் உள் பையில் வைத்துக்கொள்ளுங்கள், தடத்தில் நிறுத்தினால் கேட்பார்கள். அப்புறம், வண்டியை ஏற்றிவர விற்பவர் தன் ட்ரெய்லரையும் சேர்த்துத் தந்தால், அதற்கும் டிஎம்வியில் தனிப் பதிவு, தனி நம்பர் பிளேட். விலை பேசும்போதே அதன் தாள்களையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.