கடற்படையிலிருந்து ஆளுநர் பதவிக்கு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: நைஜீரியாவில் இராணுவ ஆட்சி நடந்தபோது கடற்படை அதிகாரிகளும் மாநில ஆளுநர்களாக இருந்தார்கள் என்று படித்தேன். அவர்களில் ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்ல முடியுமா?

பதில்: ஒருவரைத்தான் சொல்ல வேண்டும் என்றால், ரியர் அட்மிரல் என்டுபுயிசி கானுவைச் சொல்வேன். இன்றைய அபியா மாநிலத்தில் உள்ள ஓவிம் என்ற ஊரில் 1943இல் பிறந்த அவர் இக்போ இனத்தவர். 1967இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, நைஜீரியாவிலிருந்து தனிநாடாகப் பிரிந்த கிழக்குப் பகுதியான பியாஃப்ராவின் தரப்பில் நின்றார். 1970 ஜனவரியில் பியாஃப்ரா சரணடைந்தபின் நைஜீரியக் கடற்படையில் மீண்டும் இடம் கிடைத்தது. தோற்ற தரப்பைச் சேர்ந்த ஓர் இளம் அதிகாரி, 1975 ஜூலையில் முர்தாலா முகம்மது ஆட்சிக்கு வந்தபோது நாட்டையே ஆண்ட உச்ச இராணுவ மன்றத்தில் உறுப்பினரானார் என்பதை, போரின் காயங்கள் ஆறாத அந்தக் காலத்தை நினைத்துப் பார்த்தால்தான் முழுமையாக உணர முடியும்.

1976 பிப்ரவரி 3 அன்று புதிய மாநிலங்கள் அறிவிக்கப்பட்டன. கிழக்கு மத்திய மாநிலம் அனாம்பிரா, இமோ என இரண்டாகப் பிரிந்தது. பத்தே நாளில் முர்தாலா லாகோஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். மார்ச் மாதம் கானு இமோவின் முதல் ஆளுநராகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 32. ஓவெரியைத் தலைநகராகக் கொண்ட அந்த மாநிலத்துக்கு ஓர் அரசு இயந்திரத்தையே அவர் தொடக்கத்திலிருந்து அமைக்க வேண்டியிருந்தது.

கேள்வி: இராணுவ ஆளுநருக்குத் தடையற்ற அதிகாரம் இருந்திருக்குமே?

பதில்: பாதி உண்மை. சட்டமன்றம் இல்லை, எதிர்க்கட்சியும் இல்லை, ஆளுநர் பிறப்பிக்கும் ஆணையே மாநிலச் சட்டம். 1978 மார்ச்சில் வந்த நிலப் பயன்பாட்டு ஆணை, மாநிலத்தின் நிலம் முழுவதையும் மக்கள் சார்பில் ஆளுநர் பொறுப்பில் வைத்தது. ஆனால் அந்த ஆளுநருக்குப் பதவிக்காலம் என்று ஒன்று கிடையாது. கப்பலுக்குக் கப்பல் மாற்றுவது போலவே மாநிலத்துக்கு மாநிலம் மாற்றுவார்கள். 1977இல் லாகோஸ் ஆளுநராக இருந்த அடெகுன்லே லாவல், அவரும் கடற்படை அதிகாரிதான், இமோவுக்கு அனுப்பப்பட்டார். கானு அவர் இடத்துக்கு லாகோஸ் வந்தார். இரு மாநில மக்களிடமும் யாரும் கருத்துக் கேட்கவில்லை. இந்த முறையின் பெருங்குறை இதுவே என்பது என் கருத்து: ஆளுநர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவர் பதில் சொல்ல வேண்டிய இடம் மேலிடம்தானே தவிர, தாம் ஆண்ட மக்கள் அல்ல.

1978 ஜூலையில் ஆளுநர்கள் படைப் பணிக்குத் திருப்பி அழைக்கப்பட்டு, நிர்வாகிகள் நியமிக்கப்பட்டனர். லாகோஸுக்கு வந்த எபிட்டு உகிவேயும் கடற்படைக்காரரே.

கேள்வி: ஓய்வுக்குப் பின் கானு என்ன செய்தார்?

பதில்: அவருடைய வாழ்வில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இதுதான். 1993 ஜூன் 12 அன்று நடந்த அதிபர் தேர்தலில் மோஷூத் அபியோலா முன்னணியில் இருந்தபோது, இராணுவ அரசு அந்தத் தேர்தலையே ரத்து செய்தது. அதே ஆண்டு நவம்பரில் இராணுவ ஜெனரல் சானி அபாச்சா ஆட்சியைக் கைப்பற்றினார். தேர்தல் ரத்தை எதிர்த்து 1994 மே மாதம் உருவான, நாடெகோ எனப்பட்ட தேசிய ஜனநாயகக் கூட்டணியின் முன்னணித் தலைவர்களில் ஒருவராகக் கானு நின்றார். ஒரு காலத்தில் தமக்குப் பதவி தந்த இராணுவ ஆட்சி முறையையே அவர் எதிர்த்தார். 2021 ஜனவரியில் காலமானார். லாகோஸ் மாநிலத் தலைமைச் செயலகம் அமைந்த இகெஜா நகரின் அலௌசாவில் ஒரு பூங்கா அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.