ஒருமுறை வந்த டெங்கி மறுபடி வராதா?

கேள்வி: 2020இல் என் கணவருக்கு டெங்கி வந்து, மருத்துவமனையில் ஒரு வாரம் கிடந்தார். இப்போது எங்கள் புளோக் கீழே, இங்கே டெங்கி அதிகம் என்று எச்சரிக்கும் சிவப்புப் பதாகை தொங்குகிறது. நானும் பிள்ளைகளும் கொசு மருந்து பூசிக்கொள்கிறோம். அவரோ, "எனக்குத்தான் வந்து போயிடுச்சே, அம்மை மாதிரி இனி வராது" என்று அரைக்கால் சட்டையோடு கீழே உட்கார்ந்து கைப்பேசி பார்க்கிறார். அவர் சொல்வது சரியா அக்கா?
- ஈசூன் வாசகி

பதில்: கால்வாசி சரி தங்கச்சி. மிச்சம் முக்கால்வாசியில்தான் ஆபத்து.

கிருமி உள்ளே நுழைந்ததும் முதலில் ஓடிவருவது, ஆள் யாரென்று பார்க்காமல் விழுங்கும் வெள்ளணுக்கள். தாக்கப்பட்ட செல்கள் இன்டர்ஃபெரான் என்ற பொருளைச் சுரந்து பக்கத்து செல்களை உஷார்படுத்தும். காய்ச்சலும் உடம்பு வலியும் பெரும்பாலும் இந்தக் கலவரத்தால்தான். அதே நேரம் கழுத்திலும் அக்குளிலும், "நெறி கட்டியிருக்கு" என்று பாட்டிமார் தொட்டுப் பார்ப்பார்களே, அந்த இடங்களில் இந்தக் கிருமிக்கென்றே எதிர்ப்புப் புரதங்கள் தயாராகும். முதல் தடவை அதற்குக் கிட்டத்தட்ட ஒரு வாரம் பிடிக்கும். வேலை முடிந்தபின் சில செல்கள் மட்டும் அந்த முகத்தை நினைவில் வைத்துக்கொண்டு தங்கிவிடும்.

தட்டம்மைக்கு இந்த ஏற்பாடு போதும், ஆயுசுக்கும் காப்பு. டெங்கிக்கோ நான்கு வகைகள். உங்கள் வீட்டுக்காரருக்கு வந்தது எந்த வகையோ அது மறுபடி வராது. மற்ற மூன்றுக்கும் சில மாதம்தான் பாதுகாப்பு. சிங்கப்பூரில் எந்த வகை ஓங்கும் என்பதும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2020இல் 35,000 பேருக்கு மேல், 2022இல் 32,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள்.

இன்னொரு வகை வந்தால், பழைய புரதங்கள் ஏறக்குறைய தெரிந்த முகம் என்று அதைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் அடக்க முடியாது. புரதம் ஒட்டிய எதையும் வெள்ளணுக்கள் இழுத்து விழுங்கும். டெங்கிக் கிருமி பெருகுவதே அந்த வெள்ளணுவுக்குள்தான்! போலீஸ்காரர் திருடனைப் பிடித்து ஸ்டேஷனுக்குள் விட, அவன் அங்கேயே குடும்பம் நடத்தியது போல. இரண்டாவது டெங்கி முதலாவதைவிடக் கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்பது இதனால்தான். எல்லாருக்கும் அப்படி ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் தாதியாக இருந்த காலத்தில் ஓர் இரவுப்பணி. ஐந்தாம் நாள், காய்ச்சல் இறங்கிவிட்டது. "சிஸ்டர், நாளைக்கு வீட்டுக்குப் போகலாமா? தோசை சாப்பிடணும்" என்றார் ஒருவர். நாடி பார்க்கக் கையைத் தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது, நெற்றியில் வியர்வை, நாடி படபடவென்று ஓடியது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கியிருந்தது. அவருக்கும் அது இரண்டாவது டெங்கிதான். டிரிப் ஏற்றிப் பிழைத்தார்.

பொதுவாகக் காய்ச்சல் தொடங்கிய 3 முதல் 7 நாளுக்குள், அது இறங்கும் வேளையில்தான் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அசாத்தியச் சோர்வு என்றால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். காய்ச்சலுக்குப் பனடோல் (பாராசிட்டமால்) அளவோடு போடலாம். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வேண்டவே வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டும். மருத்துவரிடம் "2020இல் ஒருமுறை வந்திருக்கிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அப்புறம், அந்த மனிதரை நீளக் கால்சட்டை போடச் சொல்லுங்கள்.

கேள்வி: டெங்கிக்குப் பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?
- தெம்பனிஸ் வாசகர்

பதில்: நான் கொடுக்க மாட்டேன். கசப்பில் வாந்தி வந்தால், அது சாற்றால் வந்ததா நோயால் வந்ததா என்று மருத்துவருக்கே குழப்பம். இளநீர், கஞ்சி, உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். சிறுநீர் சரியாகப் போகிறதா என்று பாருங்கள்.