மமோகிராமில் கதிரைக் குறைத்து எடுக்கச் சொல்லலாமா?

திருகோணமலையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: அம்மாவுக்கு மமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்க வேண்டும், கதிரைக் குறைக்கச் சொல்லலாமா, ஏன் அப்படி இறுக்கி அழுத்துகிறார்கள் என்று.

கேட்கலாம். ஆனால் மிஞ்சிக் குறைத்தால் அம்மாவுக்குத்தான் நட்டம். சுரப்பித் திசுவும் கட்டியும் எக்ஸ்ரேயில் கிட்டத்தட்ட ஒரே மாதிரித் தெரியும். அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டத்தான் சுமார் 25 முதல் 32 கிலோவோல்ட் வரையான மென்மையான, அதாவது ஆற்றல் குறைந்த, கதிரைப் பயன்படுத்துகிறார்கள். மென்மையான கதிரையோ திசு அதிகம் உறிஞ்சிவிடும், சிக்கலே அதுதான். கதிரின் அளவை மேலும் குறைத்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறும். அரை மில்லிமீற்றருக்கும் சிறிய சுண்ணாம்புப் பொட்டுகள் அதற்குள் மறைந்துபோகும். ஆரம்பப் புற்றுநோய் பல வேளைகளில் அந்தப் பொட்டுகளாகத்தான் முதலில் தெரியவரும்.

அழுத்துவது வலிக்கும், உண்மைதான். ஆனால் மார்பகம் தட்டையானால் குறைந்த கதிரே போதும், சிதறலும் குறையும், அசைந்து மங்குவதும் குறையும். தெளிவையும் குறைந்த கதிரையும் ஒருசேரத் தருவது இந்த அழுத்தம்தான். அம்மாவைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சரி, அளவு எவ்வளவு? வழக்கமான நான்கு படங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 0.4 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிரை அளக்கும் அலகு). இயற்கையிலிருந்து நமக்குக் கிடைப்பது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4. அதாவது இரண்டு மாதப் பங்கு. (நம் புல்மோட்டை மணலில்கூடக் கதிர்வீசும் தோரியம் கலந்த மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது.)

பிலிமில் கதிர் கூடினால் படம் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். டிஜிட்டலில் கூடினாலும் படம் அழகாகவே இருக்கும். அதனால் கருவியை ஒழுங்காகச் சோதிக்கிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள். அப்புறம், அன்றைக்குப் பவுடர் பூச வேண்டாம், அதுவும் பொட்டுப் போலத் தெரிந்து மறுபடி படமெடுக்க வைக்கும்.