பழைய யமஹா பேபி கிராண்ட் பியானோவுக்கு 4 லட்சம் தரலாமா?

10 வருடமாக ட்யூன் செய்யாத யமஹா ஜி1, கேட்கும் விலை 4 லட்சம் என்கிறீர்கள். உள்ளே பார்க்காமல் எந்தத் தொகையும் வாய்விட்டுச் சொல்லாதீர்கள், பாலிஷ் பளபளப்புக்கு விலையே கிடையாது. முதலில் இரும்புத் தகட்டில், கம்பிகளை முறுக்கும் ட்யூனிங் பின்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சீரியல் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள், எந்த வருடத்தில் செய்தது என்று தெரிந்துவிடும். அப்புறம் விற்பவருக்குத் தெரிந்த ஆளை விட்டுவிட்டு, நீங்களே ஒரு டெக்னீஷியனுக்குக் காசு கொடுத்துக் கூட்டிப்போங்கள்.

அவர் முக்கியமாகப் பார்க்க வேண்டியது பின் பிளாக், அதாவது அந்தப் பின்கள் இறங்கியிருக்கும் மரக்கட்டை. 200-க்கும் மேற்பட்ட கம்பிகளின் பின்களை நழுவாமல் அந்தக் கட்டைதான் இறுக்கிப் பிடிக்கிறது. பின்கள் தளர்ந்து சுற்றினால் ட்யூனிங் நிற்காது, அந்தப் பியானோ இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். கம்பியை அடிக்கும் ஹேமரின் கம்பளியில் பள்ளம் விழுந்திருந்தால் பரவாயில்லை, சரிசெய்யலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும். இவ்வளவு நாள் விட்டதால் சுருதி இறங்கியிருக்கும், ஏ440 என்ற வழக்கமான சுருதிக்கு ஏற்றி நிலைநிறுத்த ஒரு ட்யூனிங் போதாது. அந்த ட்யூனிங் செலவையும் வண்டிக்கூலியையும் கழித்துவிட்டு மிச்சம் வரும் தொகையைச் சொல்லுங்கள். இறங்கி வரவில்லையா, விட்டுவிடுங்கள், வேறு பியானோ வரும்.