ஒரு ஊசி போட்டுப் பார்க்கலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம். 15 வருடமாக மும்பை பக்கம் டோம்பிவிலியில் இருக்கிறேன், வேலை அந்தேரியில். ஒன்றரை வருடமாகத் தாங்க முடியாத அசதி. காலையில் எழும்போதே அடித்துப் போட்டது போல இருக்கிறது. ஆபீசில் ஏற்பாடு செய்த ஹெல்த் பேக்கேஜில் டெஸ்டோஸ்டிரோன் 268 என்று சிவப்பு எழுத்தில் வந்தது. ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன். ஜிம் டிரெய்னர் சொன்ன கிளினிக்கில் ஆறு மாத ஊசிக் கோர்ஸ் எடுக்கச் சொன்னார்கள். 5,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன், ஊசி இன்னும் போடவில்லை. எடை 92 கிலோ. சர்க்கரை, பிரஷர் இல்லை. நெஞ்செரிச்சலுக்கு ஒரு கேப்ஸ்யூல் மட்டும் ஒரு வருடத்துக்கு மேலாகச் சாப்பிடுகிறேன். இரண்டாவது குழந்தைக்கு முயன்றுகொண்டிருக்கிறோம். ஒரு ஊசி போட்டுத்தான் பார்ப்போமே என்று தோன்றுகிறது. சரியா டாக்டர்?

பதில்: வேண்டாம். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம், முதலில் இரண்டாவது குழந்தை விஷயம். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் பகீரென்றது.

விரைகள் தாமாக வேலை செய்வதில்லை. மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அது 'வேலை செய்' என்று ஆணை அனுப்பினால்தான் அங்கே ஹார்மோனும் சுரக்கும், விந்தணுவும் உருவாகும். வெளியிலிருந்து ஊசியாகவோ ஜெல்லாகவோ டெஸ்டோஸ்டிரோன் உள்ளே போனால், போதுமான அளவு இருக்கிறது என்று மூளை ஆணையை நிறுத்திவிடும். சில மாதங்களில் விந்தணு எண்ணிக்கை சரியும், பலருக்குப் பூஜ்யம் வரை போகும். இதே ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாக உலக சுகாதார நிறுவனமே சோதித்துப் பார்த்திருக்கிறது. நிறுத்திய பிறகு உற்பத்தி பழையபடி திரும்ப ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகிறது. 'ஆண்மை ஊசி'தானே, குழந்தைக்கும் நல்லது என்று நம்பிப் போட்டுக்கொண்டு, பிறகு மனைவியோடு என் முன்னால் வந்து உட்கார்ந்த ஆண்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஊசி போட்டவர் இதைச் சொல்லவே இல்லையா என்று கேட்டால், அந்த மனைவிதான் முதலில் அழுவார்.

'போட்டுப் பார்ப்போமே' என்பதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. எண்ணெய் ஊசி போட்ட முதல் சில நாளில் ஹார்மோன் மேலே ஏறும், சிலருக்கு உற்சாகமாகவே இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் அது இறங்கும். அதற்குள் உங்கள் சொந்த உற்பத்தியும் அடங்கியிருக்கும். நாலைந்து ஊசிக்குப் பிறகு நிறுத்தினால், ஆரம்பித்தபோது இருந்ததைவிட மோசமாகக் கிடப்பீர்கள். அப்போது கிளினிக்கில், 'பார்த்தீர்களா, உங்கள் உடம்புக்கு இது தேவைப்படுகிறது' என்பார்கள். ஊசி உண்டாக்கிய பள்ளத்தையே ஊசிக்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஆறு மாதக் கோர்ஸ் ஆறு மாதத்தில் முடியாமல் போவது இப்படித்தான்.

இனி அந்த 268. ரிப்போர்ட்டில் நான் முதலில் பார்த்தது எண்ணை இல்லை. வலது மேல் மூலையில் பொடி எழுத்தில் சாம்பிள் எடுத்த நேரம் இருக்கிறது: மாலை 4:20. மதியச் சாப்பாடு முடிந்து, ஆபீஸ் மீட்டிங் அறையில் உட்காரவைத்து எடுத்திருப்பார்கள். டெஸ்டோஸ்டிரோன் விடியற்காலையில் உச்சத்தில் இருந்து பகல் ஏற ஏற இறங்கும் ஹார்மோன். சாப்பிட்டாலும் இறங்கும். 'இதற்குக் கீழே குறைவு' என்று சொல்லும் எல்லை காலை ரத்தத்தை வைத்துப் போட்டது. பொதுவாக 300, சில வழிகாட்டிகளில் 264. காலை எல்லையை மாலை ரத்தத்தின் மேல் வைத்துச் சிவப்பு அடித்திருக்கிறார்கள். இந்த அடிப்படை லேப் நடத்துகிறவர்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனால் கம்பெனிக்கு வசதியான நேரம் மதியம், பேக்கேஜில் எத்தனை டெஸ்ட் இருக்கிறது என்பதுதான் விற்பனை. ஒரு சிவப்பு எழுத்து ஒரு மனிதனின் தூக்கத்தையே கெடுக்கும் என்ற அக்கறை யாருக்கும் இல்லை. எனக்கு இதில் பொறுமை போய் ரொம்ப நாளாகிறது.

காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுங்கள். காய்ச்சல் வந்த வாரத்தில் வேண்டாம், சரியாகத் தூங்காத இரவுக்கு மறுநாளும் வேண்டாம். இரண்டு முறையும் குறைவாக வந்தால்தான் அது குறைவு. 92 கிலோ என்கிறீர்கள். எடை கூடினால் இந்த ஹார்மோனைச் சுமந்து செல்லும் புரதம் குறையும், அதனால் மொத்த அளவு குறைவாகத் தெரிந்தாலும் உடம்புக்குப் பயன்படும் பங்கு சரியாகவே இருக்கலாம். எடையில் பத்துக் கிலோ குறைந்தாலே இந்த எண் தானாக ஏறுவதைப் பார்க்கிறோம்.

அசதி மட்டும் இருந்தால் டெஸ்டோஸ்டிரோன் மேல் எனக்குச் சந்தேகம் வருவதே குறைவு. தாம்பத்திய ஆசை போய்விட்டதா, காலையில் எழும்போது வரும் விறைப்பு நின்றுவிட்டதா, தாடி வளர்வது மெதுவாகிவிட்டதா, மார்பு வீங்கி வலிக்கிறதா என்றுதான் கேட்பேன். நீங்கள் இது எதையும் எழுதவில்லை. அமெரிக்காவில் 65 வயது தாண்டிய, உண்மையாகவே ஹார்மோன் குறைந்த 790 ஆண்களுக்கு ஒரு வருடம் ஜெல் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது. தாம்பத்திய விஷயத்தில் ஓரளவு முன்னேற்றம் இருந்தது. அசதியில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. உண்மையில் குறைந்தவர்களுக்கே அப்படி.

அப்படியானால் அசதி எங்கிருந்து வருகிறது? என் முதல் சந்தேகம் உங்கள் தூக்கத்தின் மேல். காட்கோபரில் இறங்கி மெட்ரோ மாறுகிறவராகத்தான் இருப்பீர்கள். டோம்பிவிலி ஃபாஸ்ட் ரயிலில் நின்றுகொண்டே கண் செருகுகிறதா? இன்று இரவு நீங்கள் தூங்கும்போது பத்து நிமிடம் போனில் வீடியோ எடுக்கச் சொல்லி மனைவியிடம் கேளுங்கள். குறட்டை ஏறிக்கொண்டே போய் சட்டென்று நிற்கும், சில நொடி நிசப்தம், அப்புறம் முக்கித் திணறி ஒரு பெரிய மூச்சு. அது தெரிந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறது என்று வைத்துக்கொண்டு தூக்கப் பரிசோதனைக்குப் போங்கள். அந்த நோயே டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கலாம். அதைக் கவனிக்காமல் ஊசி போட்டால் நோய் மோசமாகலாம்.

அதோடு ஹீமோகுளோபின், இரும்புச்சத்து இருப்புக்கு ஃபெரிட்டின், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், பி12, மூன்று மாதச் சர்க்கரை சராசரி, சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், ஈரல் பரிசோதனை. இவ்வளவுதான், பெரிய பேக்கேஜ் வேண்டாம். மனச்சோர்வும் உடல் அசதியாகத்தான் வெளியே தெரியும், அதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். எடை காரணமில்லாமல் குறைந்து, தோல் கருத்து, எழுந்தால் தலை சுற்றினால் அது வேறு விஷயம், காத்திருக்காமல் உடனே வாருங்கள்.

நான் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டியது அந்த நெஞ்செரிச்சல் கேப்ஸ்யூலைப் பற்றி. அட்டையைத் திருப்பி, பிராண்டு பெயருக்குக் கீழே உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். பேண்டோபிரசோலோ ரேபிபிரசோலோ மட்டும் இருந்தால் ஹார்மோனைப் பொறுத்தவரை கவலையில்லை, பி12 மட்டும் பாருங்கள். கூடவே லெவோசல்பிரைடு அல்லது டோம்பெரிடோன் என்று இருந்தால் அதுதான் ஆளாக இருக்கலாம். இந்தக் கூட்டு மருந்து நம் ஊரில் கேஸ் மாத்திரை என்ற பெயரில் தாராளமாகப் போகிறது. பத்து நாளைக்கு எழுதியதை வருடக்கணக்கில் கெமிஸ்ட்டிடம் அட்டையைக் காட்டி வாங்குகிறார்கள். அதில் உள்ள இரண்டாவது மருந்து புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்றிவிடும். தாய்ப்பால் சுரக்கவைக்கும் ஹார்மோன் அது, ஆண்களுக்கும் கொஞ்சம் உண்டு. அது ஏறினால் பிட்யூட்டரியின் ஆணை அடங்கும், டெஸ்டோஸ்டிரோன் இறங்கும், ஆசை குறையும். லெவோசல்பிரைடு சிலருக்குத் தூக்கக் கலக்கத்தையும் தரும், நடுவயது தாண்டியவர்களுக்குக் கைநடுக்கம்கூட வந்து பார்த்திருக்கிறேன். எழுதிய மருத்துவரிடம் கேட்டு அதை நிறுத்திவிட்டு, சில வாரம் கழித்து ரத்தம் பார்த்தால், அதுதான் காரணமென்றால் எல்லாம் சரியாகியிருக்கும். ஊசியே தேவைப்படாது. எந்த மாத்திரையும் இல்லாமல் புரோலாக்டின் நிறைய ஏறியிருந்தால், அதுவும் தலைவலியோ பக்கவாட்டுப் பார்வைக் குறைவோ சேர்ந்திருந்தால், பிட்யூட்டரியை எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டும். அங்கே சின்னக் கட்டி இருந்தாலும் பெரும்பாலும் காபர்கோலின் என்ற மாத்திரையிலேயே சுருங்கிவிடும். அதைப் பார்க்காமல் ஊசி போடுகிறவர் கட்டியை மூடி மறைக்கிறார். அதனால் காலை ரத்தம் கொடுக்கும்போது பிட்யூட்டரி அனுப்பும் ஆணைகளான எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், கூடவே புரோலாக்டின், மூன்றையும் சேர்த்தே கேளுங்கள்.

இரண்டு காலையிலும் குறைவு என்று வந்து, காரணமும் தெரிந்தால் வைத்தியம் உண்டு. குழந்தை வேண்டும் என்கிற உங்களுக்கு விந்தணுவைக் கெடுக்காத மாற்று மருந்துகள் இருக்கின்றன. பிற்பாடு டெஸ்டோஸ்டிரோனே தேவைப்பட்டாலும், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ரத்தத்தின் கெட்டித்தன்மையைப் பார்க்க வேண்டும், அதைக் காட்டும் ஹீமட்டோகிரிட் 54 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏவும் பார்க்க வேண்டும். மாரடைப்பு பயம் பற்றி 2023-ல் 5,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஓரளவு ஆறுதல் தந்தது, ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் ரத்தக்கட்டும் டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பூசியவர்கள் தரப்பில் சற்றுக் கூடுதலாக இருந்தன. உங்கள் கிளினிக்கில் இவற்றில் ஒன்றையாவது பார்க்கச் சொன்னார்களா?

ஜிம் டிரெய்னர் உங்கள் மேல் உள்ள பிரியத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆள் அனுப்பினால் பங்கு என்பது மும்பையில் மருத்துவர்களுக்குள்ளேயே ஊறிப்போன வழக்கம், 'கட்' என்றால் இங்கே எல்லோருக்கும் புரியும். 2017-ல் மாநில அரசு இதைத் தடுக்கக் குழு அமைத்துச் சட்ட வரைவுகூடத் தயாரித்தது. கட் இன்றும் நடக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. சீட்டில் யார் கையெழுத்து, அவர் என்ன படித்தவர், பதிவு எண் என்ன என்று பாருங்கள். செலவுக்குப் பயந்தால் பரேல் கேஇஎம் ஆஸ்பத்திரியில் எண்டோகிரைனாலஜி பிரிவு இருக்கிறது. கூட்டம் இருக்கும், ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போங்கள்.

அந்த 5,000 ரூபாயை நினைத்து ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். ஊசி போடவில்லை, மருந்தும் தரவில்லை, ஆகவே பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். பணம் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும், இந்த வாரமே அந்த கேப்ஸ்யூல் அட்டையையும் மனைவி எடுத்த வீடியோவையும் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள்.