முதலுக்கு மோசம் வராமல் கடலில் உழைப்பது எப்படி? வன்னிக் கரையிலிருந்து சில கேள்விகள்

செம்மலை: ஐயா, கூட்டத்துக்குக் கூட்டம் 'நீலப் பொருளாதாரம்' என்கிறார்கள். எங்களுக்கு அதில் என்ன இருக்கிறது?

பதில்: கடலில் உழைக்கலாம், ஆனால் முதலுக்கு, அதாவது கடல் வளத்துக்கு, மோசம் வரக்கூடாது. அவ்வளவுதான் விஷயம். இலங்கைக்கு உரித்தான கடல், தரையைப் போல ஏறத்தாழ 8 மடங்கு. ஆனால் வெள்ளாப்பில் போய் மதியத்துக்குள் திரும்பும் பைபர் படகுக்கு அதில் எட்டுவது கரையோரத் துண்டுதான். அதனால் நம் பேச்சு ஆழ்கடலில் அல்ல, களப்பில், அதாவது கடலோடு சேர்ந்த கரையோர நீர்ப்பரப்பில், தொடங்க வேண்டும்.

வட்டுவாகல்: அண்ணை, நந்திக்கடலில் முந்தி மாதிரி இறால் இல்லை. ஏன்?

பதில்: இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சு களப்புக்குள் வந்து, சேற்றிலும் சாதாழை என்ற கடற்புல்லிலும் வளர்ந்து, பருவம் வந்ததும் திரும்பக் கடலுக்குப் போகும். இரவில் பாலத்தடியில் டோர்ச் அடித்துப் பாருங்கள், தணல் பொறிபோலக் கண்கள் மின்னும். அந்தப் போக்குவரத்துக்கு இருப்பது ஒரே வாசல்: களப்பு கடலோடு சேரும் முகத்துவாரம். அது மண் மூடிக் கிடந்தால் குஞ்சு உள்ளே வராது. திறந்திருக்கும்போது சிறுகண் வலையால் மறித்தால் வந்ததும் மிஞ்சாது. அதை எப்போது வெட்டித் திறப்பது என்பதிலும் இழுபறி. வயல்காரருக்கு வெள்ளம் உடனே வடிய வேண்டும். இறாலுக்கோ நன்னீரும் உப்புநீரும் கலந்து கொஞ்சநாள் நிற்க வேண்டும். கமக்காரர் அமைப்பும் கடற்றொழிலாளர் சங்கமும் மாரிக்கு முன்பே ஒரே பாயில் இருந்து பேசாத வரைக்கும், எத்தனை இலட்சம் குஞ்சு வாங்கி விட்டாலும் வீண்செலவு என்பதுதான் என் எண்ணம்.

பூநகரி: கடலட்டைப் பண்ணை போடலாமா தம்பி?

பதில்: போடலாம் அக்கா, கண்ணை மூடிக்கொண்டு அல்ல. வெள்ளை அட்டைக்குத் தீனி போடத் தேவையில்லை, சேற்று மண்ணில் உள்ள கழிவையே தின்று வளரும். நல்ல விஷயம். ஆனால் கடும் மழையில் ஆழம் குறைந்த நீரின் உப்பு சட்டென்று இறங்கினால் கூண்டோடு செத்துப்போகும். ஆற்று வாய்க்கு அருகே இடம் கேட்காதீர்கள். உயிர் அட்டை 10 கிலோ காய்ந்தால் 1 கிலோகூடத் தேறாது என்பதையும் விலை பேசும்போது நினைவில் வையுங்கள். அப்புறம், வேலி எங்கே வருகிறது என்று பாருங்கள். சாதாழைப் படுகையை அடைத்தாலோ, கம்பு நட்டு மீன் மறிக்கும் களங்கண்டி வலைக்காரரின் பாதையை மறித்தாலோ ஒருவர் வருமானம் இன்னொருவர் பட்டினி. அனுமதி அந்த ஊர்ச் சங்கத்தின் கையால் போனால்தான் நியாயம்.

பேசாலை: கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடியைச் சட்டம் தடுக்கவில்லையா?

பதில்: இலங்கையில் 2017இலேயே தடை வந்துவிட்டது. எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகளால் நீங்கள் படும் பாடு வேறு கதை; அது இரண்டு அரசுகள் தீர்க்க வேண்டியது.

கிளிநொச்சி மாணவி: சீசெல்ஸ் தீவுநாடு இதில் முன்மாதிரி என்கிறார்களே?

பதில்: 2018இல் உலகின் முதல் அரச நீலக் கடன்பத்திரத்தை, அதாவது கடல் சார்ந்த திட்டங்களுக்கு அரசு கடன் வாங்கும் பத்திரத்தை, வெளியிட்டு 1.5 கோடி டொலர் திரட்டினார்கள் தங்கச்சி. 2020இல் தங்கள் கடலில் 30 வீதத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்கினார்கள். சனத்தொகை ஏறத்தாழ 1 இலட்சம்தான். கடலோ பெரியது, அதனால் அப்படியே இங்கே பொருந்தாது. ஆனால் எந்த இடத்தில் யார் தொழில் செய்வது, எதைத் தொடக்கூடாது என்று மீனவரையும் சேர்த்துப் பேசி வரைபடம் போட்டார்கள். இங்கே வரைபடத்துக்கு முன்னால் வேலி வந்துவிட்டது, அதுதான் சிக்கல்.

வவுனியா: கடலே இல்லாத நாங்கள் என்ன செய்வது? குளத்து ஜப்பான் மீனோடு (திலாப்பியா) நிற்பதா?

பதில்: குளத்து மீன் நல்ல மீன்தான், குறை சொல்லாதீர்கள்! கடல் நண்டு வாங்கினால் மட்டும் ஒரு உதவி. நண்டைத் திருப்பி வயிற்று மடலைப் பாருங்கள். முட்டைத் திரள் ஒட்டியிருந்தால் அது சினை நண்டு, இலட்சக்கணக்கில் முட்டை. வேண்டாம் என்று சொல்லுங்கள். கேட்கிற ஆள் இருப்பதால்தான் அது சந்தைக்கு வருகிறது. வலையில் வரும்போதே கடலில் விடவேண்டியது. திரள் செம்மஞ்சளாக இருந்தால் புதுச்சினை. கறுத்திருந்தால், இன்னும் சில நாளில் பொரிக்க இருந்தது.